மிச்சம் முப்பத்தெட்டு

உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய மணி அது. அதைத் தொங்கவிடத்தான் எங்கள் ஊரில் கோயிலே கட்டினார்கள். யாராவது இறந்தால் வயதுக்கு ஓர் அடி. அடித்த மணிக்கு ஆள் போகாமல் இருந்ததில்லை என்பார்கள். அன்று காலை, எண்பத்தொரு வயது மரியநேசத்தின் வீட்டில் அழுகை கேட்டதும் கோயில்பிள்ளை ரபேல் கயிற்றைப் பிடித்தார். கோயில் முன்னால் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எண்ணினார்கள். சற்று நேரத்தில் மரியநேசத்தின் மகள் கோயிலுக்கு ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க அண்ணாச்சி! அப்பா கண்ணத் தொறந்துட்டாரு!"

மணி நாற்பத்துமூன்றில் நின்றது. எல்லோரும் தங்களுள் ஒருத்தியான செசிலியைப் பார்த்தார்கள். அவள் கணவன் லெயோன் கடலுக்குப் போய் இரண்டு நாளாகிறது. அவனுக்கு வயது நாற்பத்துமூன்று.

"அது தப்பா அடிச்சதும்மா," என்றார் ரபேல், அவள் முகத்தைப் பார்க்காமல்.

செசிலி மரியநேசத்தின் கட்டிலருகே போய் முழந்தாளிட்டாள். கிழவரின் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டா, மிச்சம் முப்பத்தெட்டையும் அடிக்கச் சொல்லுங்க."

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கஞ்சிக் கரண்டியை நீட்டியதும் வாயைத் திறந்தார்.