ரேடாரில் அகப்பட்ட மாப்பிள்ளை

நாகூரில் ரஹ்மத் பீவி வீட்டு முன்னறையில் சர்பத் டம்ளர் வியர்த்துக்கொண்டிருக்கிறது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்கக் கூடாது. பெண்ணின் தாய்மாமா கவுஸ் அதைத் தொடவில்லை. துபாய் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிய காலத்தை 'ஏவியேஷன் லைன்' என்று சொல்லிக்கொள்பவர் அவர். ரஹ்மத் பீவியின் மகன் ஷஹ்பாஸின் கணினித் திரையில் பச்சைப் புள்ளிகள் நகர்வதை, கஸ்டம்ஸ்காரர் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். "போர் விமானம் ஓட்டுற கேம் மாமா. எதிரி ரேடாரை ஏமாத்துற கருவி அசல்ல எப்படி வேலை செய்யுமோ, அப்படியே இதுல கொண்டுவர்றதுதான் என் வேலை" என்கிறான் ஷஹ்பாஸ். "அசல் எப்படின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" "அது ராணுவ ரகசியம், யாரும் சொல்ல மாட்டாங்க. நாங்களா ஊகிக்கிறதுதான்." "ரகசியம் தெரிஞ்சா ஜெயிலு, தெரியலேன்னா புளுகு. இதுல எதை நம்பித் தம்பி நாங்க பொண்ணு தர்றது?"

கதவுச் சீலைக்குப் பின்னால் ரஹ்மத் பீவியின் வளையல் ஓசை நிற்கிறது. அப்போது தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து வந்த போர் விமானம் ஒன்று ஓடுகள் அதிரக் கடலை நோக்கிப் போகிறது. அதே நேரம் கணினியிலும் ஒரு புள்ளி கிழக்கே போகிறது. கவுஸ் கூரையைப் பார்க்கிறார், புள்ளியைப் பார்க்கிறார், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறார். "கவர்மெண்ட் வேலைன்னு முன்னாடியே சொல்லப்படாதா மாப்ளே?" குரல் தணிந்துவிடுகிறது. "வெளியில கேம்னே சொல்லிக்கிட்டு இருங்க. நானும் ஏவியேஷன் லைன்தானே, எனக்குப் புரியாதா?" ஷஹ்பாஸ் மறுக்க வாயைத் திறக்கிறான். கவுஸின் கை சர்பத் டம்ளருக்குப் போகிறது. சீலைக்குப் பின்னாலிருந்து அம்மா இருமுகிறாள். ஷஹ்பாஸ் வாயை மூடிக்கொள்கிறான்.