டேப்பண்ணனின் இங்கிலீஷ்

"மறுபடியும் சொல்லு," என்றார் மேனேஜர். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

"ஐ ஓபன் த டோர்."

"சபாஷ்! உன்னைப் போய்த் தற்குறின்னு எவன்யா சொன்னான்?"

டேப்பண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேக்கிங் பிரிவில் ஒன்பது வருஷமாக அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டி ஒட்டியே வந்த பெயர் அது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷர், இன்றைக்கு முழுசாக ஒரு வினைச்சொல்லையே பிடித்துவிட்டார்!

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம், ஆட்குறைப்புப் பட்டியல் அவர் கையில்தான் இருக்கிறதாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பாராம். பதில் சொல்கிறவனுக்கு வேலை, முழிக்கிறவனுக்கு வீடு என்றார் மேனேஜர்.

நாற்பத்தெட்டு வயதில் வெளியே துரத்தினால் எவன் வேலை கொடுப்பான்? டேப்பண்ணன் மேசைக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

"உனக்கு மட்டும்தான் சொல்லித் தர்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்று மேனேஜர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையில் பெரிய கட்டு. "இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சுப்பா," என்றார், யாரும் கேட்காமலே.

முதல் நாள் கதவைத் திறந்தார்கள். மறுநாள் ஜன்னல், பெட்டி. மூன்றாம் நாள் வால்வு.

டேப்பண்ணன் தலையைச் சொறிந்தார். "சார், நான் வால்வுப் பக்கமே போனதில்லையே? நான் ஒட்டுற ஆளு. ஒட்டுறதுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்களேன்."

"அதெல்லாம் கஷ்டம்ப்பா, நாக்கு சுளுக்கிக்கும். ஃபேக்டரியைப் பத்திக் கேட்டா ஃபேக்டரி வார்த்தையாத்தான் சொல்லணும். எங்க, சொல்லு, ஐ ஓபன்டு த வால்வு. கடைசியில அந்த 'டு'வை விட்டுடாதே. அதுதான் மரியாதை."

வீட்டில் அன்றைக்கு அவர் திறக்காத பொருள் இல்லை. ஐ ஓபன்டு த பீரோ, ஐ ஓபன்டு த டப்பா என்று அறிவித்துக்கொண்டே சுற்றினார்.

"ஆமா, மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு மரியாதை ஒண்ணுதான் கேடு," என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "ஏங்க, ஒன்பது வருஷத்துல உங்களை ஏன்னு கேக்காத மனுஷன். இப்ப என்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?"

"போடி! நல்லது செஞ்சாலும் உனக்குச் சந்தேகம்தான்."

சொல்லிவிட்டாரே தவிர, பாதிச் சோற்றிலேயே எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் கொதிகலன் கொட்டகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. வாசலில் பூட்டு, மேலே தார்ப்பாய். போன மாதம் அங்கே நீராவித் தொட்டிக்குள் பழுது பார்க்க இறங்கிய வெல்டர் உயிரோடு வெளியே வரவில்லை. தினமும் டேப்பண்ணனோடு உட்கார்ந்து, அவர் டப்பாவிலேயே கை வைத்துச் சாப்பிட்டவன். அந்தப் பக்கம் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பேக்கிங்கில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேனேஜர் ரூமுக்கு இவன் ஏன் தினமும் போகிறான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும் அல்லவா? சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. உள்ளே போவதற்கு முன் மேனேஜர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மொழிபெயர்க்க ஒரு மேடம் வந்திருக்காங்க. அவங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ பதில் சொல்லிடணும், அப்பதான் உனக்கு இங்கிலீஷ் புரியுதுன்னு அர்த்தம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினா ஆரம்பிச்சுடு."

அறையில் ஏசி ஓடியும் டேப்பண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் அந்த மேடம், பின்னால் மேனேஜர். மேசை மேல் ஒரு சின்னக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அதிகாரி நீளமாக ஏதோ கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு சொல் தெரிந்த முகமாக வந்து நின்றது. வால்வு! அட, படித்த பாடத்திலிருந்தே கேட்கிறாரே!

மேடம் அவர் பக்கம் திரும்பினார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐ ஓபன்டு த வால்வு, சார்!"

அதிகாரியின் பேனா நின்றது. டேப்பண்ணனை நோக்கி விரலை நீட்டி, மெதுவாக, சின்னதாக இன்னொரு கேள்வி கேட்டார்.

"எஸ் சார்! ஐ ஓபன்டு த வால்வு!" 'டு'வை விடவில்லை. மரியாதை ஒரு துளி குறையவில்லை.

அதிகாரி தலையைக் குனிந்து வேகமாக எழுதினார். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்.

வேலை நிலைத்துவிட்டது! பெண்டாட்டியிடம் போய் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று டேப்பண்ணனின் மனசு அதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டது. மேடம் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மேடம், கரெக்டாத்தானே சொன்னேன்?"

"வெல்டர் உள்ள இருக்கும்போது வால்வைத் தொறந்து விட்டது யாருன்னு கேட்டாருண்ணே."