சமையலறையில் சார்ஜ் ஏறுகிறது

மாந்தா துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போன படகு ஆளில்லாமல் கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. அதில் போன நான்கு பேரில் கொன்சாலோவும் ஒருவன். ஸ்மார்ட் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு போனான். படகில் வைத்துக்கொள்ளவென்றே வாங்கிய சின்ன மடக்குச் சார்ஜரைச் சமையலறையில் மறந்துவிட்டான்.

வாட்ச்சை மேலே வைத்தால்தான் சார்ஜரில் விளக்கு எரியும். இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு, எதுவும் வைக்காமலே, சிவப்பாக எரிகிறது. ஒன்பது மணிக்குப் பச்சையாகி அணைந்துவிடுகிறது.

இன்று எட்டு மணிக்கு அவன் தம்பி ஃபபியான் இறப்புப் பதிவுப் படிவத்தோடு வந்தான்.

“கையெழுத்துப் போடுங்க அண்ணி. மத்த மூணு வீட்டுலயும் போட்டாச்சு. சர்ச்சுல பூசை வைக்கணும்னு அம்மா அழுவுறாங்க.”

“உங்க அண்ணன் சார்ஜ் போட்டிருக்காரு. எடுத்துக்கிட்டுப் போகட்டும், அப்புறம் அழலாம்” என்றாள் கொன்சாலோவின் மனைவி யாதிரா.

“உப்புக் காத்துல அது கெட்டுப்போச்சு, அண்ணி.”

“நேத்து டி.வி.யும் கெட்டுப்போச்சுன்னுதான் சொன்ன. பாத்தா பிளக்கே சொருகல. வா, தொட்டுப் பாரு.”

ஃபபியான் சிரித்துக்கொண்டே சார்ஜரின் நடுவில் விரலை வைக்கப் போனான். விரல் அதைத் தொடவில்லை. ஒரு வாட்ச்சின் தடிமன் அளவுக்கு மேலேயே, வழவழப்பான எதிலோ முட்டி நின்றது. அழுத்திப் பார்த்தான். இறங்கவில்லை.

“நகத்தால அழுத்தாத. கண்ணாடி கீறிடும்” என்றாள் யாதிரா.

பிறகு படிவத்தை மேசையில் விரித்து, அதன்மேல் ஒரு மீனைப் போட்டுச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள்.