பதினேழாம் இலக்கம்

அரிப்பு என்ற மீனவ ஊரின் கரையில் காயப்போட்ட வலைகளின் மேல் காலை வெயில் ஏறியிருக்கிறது. மீள்குடியேற்றம் பற்றிப் பட்டமேற்படிப்பு ஆய்வு செய்ய வந்திருக்கும் துளசிகா, மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காற்றில் படபடக்கும் படிவத்தை முழங்காலோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். எதிரே கைருன்னிசா மீனுக்குச் செதிள் சுரண்டுகிறாள். பெயர் எழுத வேண்டிய பெட்டியில் 'ப-17' என்றிருப்பதைக் கண்டதும் கத்தி நின்றுவிடுகிறது. "இது ஆரு?" "நீங்கள்தான் அன்ரி. காணிப் பிரச்சினை எல்லாம் சொல்லப்போறீங்கள். உங்கட பேர் வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் கரைச்சல்." கைருன்னிசா அவளைப் பார்க்கவில்லை, முள்கம்பி வேலிக்கு அப்பால் தெரியும் கிணற்றுக்கட்டைப் பார்க்கிறாள். "இங்கயிருந்து எங்கள விரட்டினாப் பிறகு, புத்தளத்து முகாமில கூடாரத்துக்கு ஒரு இலக்கம். நிவாரண அட்டைக்கு ஒரு இலக்கம். திரும்பி வந்தா, கந்தோர்ல பைலுக்கு ஒரு இலக்கம். அந்தக் கிணத்த வெட்டினது எங்கட வாப்பா. அவருக்குப் பேர் இருந்திச்சு. பேனையத் தாங்க." ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, 'ப-17'இன் மேல் தாள் கிழியுமளவுக்கு ஒரு கோடு இழுக்கிறாள். பிறகு தன் பெயர், வாப்பாவின் பெயர், ஊர். எழுத்துகள் பெட்டிக்குள் அடங்காமல் தாளின் ஓரம்வரை ஓடுகின்றன; ஒரு செதிள் அவற்றின்மேல் ஒட்டி மினுங்குகிறது. துளசிகாவின் பையில் எழுதாத படிவங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. புதிதாக ஒன்றை எடுக்க அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை. கைருன்னிசா கத்தியை மறுபடி எடுக்கிறாள். "அந்தக் கிணத்தடி ஆர்ட காணியெண்டு இப்ப கேளுங்க, மகள்."