வயர் இன்னும் பழகலை

"அந்த ஐயாவை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ஏமாத்துவீங்க?"

மனைவி கிருஷ்ணம்மா கேட்டதும் மனோகரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு ஏமாத்துறா?"

"நீங்கதான். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், 'வயர் இன்னும் பழகலைங்கய்யா, இன்னும் பழகலைங்கய்யா'ன்னு. வயர் என்ன புது மருமகளா, வீட்டுக்குப் பழகறதுக்கு?"

எதிர் வரிசைக் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறவர் சிற்றம்பலம் ஐயா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிங்கப்பூரில். ஆள் உயர ஸ்பீக்கர்களும் பாட்டுத் தட்டுகளுமாக அவர் வீட்டு முன்கூடம் நிறைந்திருக்கும்.

யோங் பெங்கில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு இவர்கள் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுப் பாட்டு தெரு முழுக்கக் கேட்கும். துணி காயப்போட வந்த பெண்கள் கொடிக்கடியிலேயே நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் சின்னதுகளாக இருந்த காலம் அது. இப்போதும் அந்தப் பாட்டில் ஒன்று எங்கேயாவது கேட்டால் கிருஷ்ணம்மாவுக்கு ஈரத்துணி வாசனை வந்துவிடும்.

போன வருஷம் ஐயா, "பாட்டு மங்கிப் போச்சு" என்றார். மனோகரன் போய்ப் பார்த்து, கரண்டு வயர், ஸ்பீக்கர் வயர் இரண்டையும் புதிதாகச் செய்து மாட்டினார்.

"புது வயர் உடனே பாடாதுங்கய்யா. ராவும் பகலும் பாட்டை ஓடவிட்டுப் பழக்கணும். அப்பறம்தான் சத்தம் தெளிவாத் திறந்துக்கும்."

ராவும் பகலும் ஓடியது. ஐயாவுக்கு மட்டும் திறக்கவே இல்லை. வாசல் மணி அடித்தாலும் அவர் திரும்பிப் பார்க்காததைக் கவனித்த பிறகுதான் மனோகரனுக்குப் புரிந்தது. கோளாறு வயரில் இல்லை, காதில்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் போய், வயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, திரும்ப மாட்டி, "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

"காது போச்சுன்னு எப்படிலா சொல்றது?" என்றார் இப்போது. "பாட்டு கேக்க முடியாமப் போனா எல்லாத்தையும் வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்ன மனுஷன்."

"சீக்கிரம் டாக்டர்கிட்ட போனா மெஷின் வைப்பாங்க. நாள் கடந்தா அதுவும் சரியா உதவாதுங்கிறாங்க. உங்க பொய்யை நம்பி அவரு சும்மா உட்காந்து, காது முழுசா அடைச்சுப் போச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

மனோகரன் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

இப்போதெல்லாம் அப்படித்தான், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. முன்பு ரேடியோ செட்டு செய்கிற தொழிற்சாலையில், சத்தம் சோதிக்கிற அறையில் வேலை. இவர் கேட்டுச் சரி என்றால்தான் செட்டு பெட்டிக்குள் போகும். அந்த நாளில் சோற்றில் கை வைத்தபடியே அதே பேச்சுதான். "போதும்லா, குழம்பு ஆறுது" என்று கிருஷ்ணம்மாதான் அடக்குவாள். தொழிற்சாலையை மூடினார்கள். பேச்சும் அதோடு மூடிக்கொண்டது.

இனி இவரை நம்பிப் பயனில்லை, தானே சொல்லிவிடுவது என்று கிருஷ்ணம்மா முடிவு செய்தாள். ஆனால் கோபித்துக்கொண்டால்? அழுதுவிட்டால்? அந்த அதிர்ச்சியில் மயங்கி விழுந்துவைத்தால் தனியாளாக என்ன செய்வது? இதையே நினைத்து நினைத்து, புதன்கிழமை சுட்ட வடையில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். இருந்தாலும் அதையே எடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் நின்று, தாமான் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஐயா! உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்!"

"ஏன் பிள்ளை கத்துறாய்? எனக்கு வடிவாக் கேக்குது. உள்ள வா."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதிலேயே சரியாக விழாத அளவுக்கு மெதுவாக.

ஐயாவின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின் இருந்தது.

"தீபாவளிக்கு வந்த நேரம் மகள் கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தவள்" என்றார். "இதை வச்ச அண்டைக்கே தெரிஞ்சிட்டுது, வயரில ஒரு குறையும் இல்லை எண்டு. தங்கமான கை உன்ர புருஷனுக்கு."

"அலமாக்!" கிருஷ்ணம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்பறம் ஏங்கய்யா போன ஞாயித்துக்கிழமைகூட 'இன்னும் மங்கலாத்தான் இருக்கு'ன்னு சொன்னீங்க? அந்த மனுஷன் உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னா?"

"எனக்கென்ன பிள்ளை, பாட்டு இருக்கு துணைக்கு." பாட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார். "அவன் வர முன்னம் இந்த மெஷினைக் கழட்டி வச்சிடுவன்."

"எதுக்கு?"

"வயரைக் கையில எடுத்தால் மட்டும்தான் அவன் கதைக்கிறான். அந்த அறை, கூட வேலை செய்த ஆக்கள், எந்த செட்டில என்ன குறை கண்டுபிடிச்சது எண்டு எல்லாம் சொல்லுவான். எல்லாம் சரியாப் போச்சுது எண்டு நான் சொல்லிப்போட்டால், பிறகு அவன் எங்க போய்க் கதைக்கிறது?"

"மெஷின் இல்லாம அவர் பேசுறது உங்களுக்கு எப்படிங்கய்யா கேக்கும்?"

"பாதிதான் கேக்கும்" என்றார் சிற்றம்பலம் ஐயா. "ஆனால் அந்த நேரம் அவன்ர முகத்தை நீ பாக்க வேணும், பிள்ளை."