மூக்கில் குழியுள்ள தோட்டா

ஆயுதக் கிடங்கு அலமாரியில் அடுத்தடுத்த பெட்டிகளில் இரண்டு ரிவால்வர் தோட்டாக்கள் இருந்தன. பழையதற்கு மூக்கு உருண்டை. புதியதற்கு மூக்கில் ஒரு குழி.

"எதுக்குய்யா இந்தக் குழி?" என்று கேட்டது பழையது.

"நானா கேட்டு வாங்கினேன்? நீ உடம்பைத் துளைச்சு அந்தப் பக்கம் போயிடுவே. நான் உள்ளேயே விரிஞ்சு கிழிச்சுடுவேன். ஆள் பிழைக்க மாட்டான்."

சில வருஷம் கழித்து ராஜாங்கங்கள் கூடிப் பேசின. இது கொடூரமான தோட்டா, நமக்குள் சண்டை வந்தால் இதைச் சுடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டன.

"அப்பாடா, இனி தூங்கலாம்" என்றது புதியது.

மறுநாள் கிடங்கு அதிகாரி வந்து, அதன் பெட்டியில் 'போருக்கு' என்றிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டது புதியது.

பழையது எட்டிப் பார்த்துப் படித்தது: "உள்ளூர் ஜனங்களுக்கு மட்டும்."