பாடத்துக்காக மட்டும்

தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் ரெஜினா பதிப்புரிமைப் பாடம் நடத்தினாள். உதாரணத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஒரே பாட்டைத்தான் போடுவாள். இறந்துபோன அவள் கணவன் செலஸ்டின் பாடிப் பதிவான ஒரே பாட்டு அது. அதன் உரிமையை வாங்கிய நிறுவனம் அதை முடக்கி வைத்திருந்ததால் வீட்டில் எந்தக் கருவியும் அதை ஒலிக்காது. பாடம் நடத்துவதற்கு மட்டும், 'நியாயமான பயன்பாடு' என்ற சட்ட விலக்கின்படி, வகுப்பறைத் திரை முதல் வரியை அனுமதிக்கும்.

இந்த வருடமும் முதல் வரியோடு பாட்டு நின்றது. ரெஜினா கண்ணை மூடியபடியே நின்றிருந்தாள். அது யார் குரல் என்று அவள் சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும்.

முன் பெஞ்சிலிருந்த நஃபீசா எழுந்தாள். "மிஸ், பாடத்துக்காக நானும் இந்தப் பாட்டுல ஒரு துண்டு போடச் சொல்லலாம்ல? எனக்கு அடுத்த வரி வேணும்."

"எதுக்குன்னு திரைகிட்ட காரணம் சொல்லணும்மா."

நஃபீசா திரையைப் பார்த்தாள். "எங்க மிஸ் அதைக் கேக்கணும்."

"இது கல்விக் காரணம் அல்ல" என்றது திரை.

மணி அடித்து எல்லோரும் போனபின் நஃபீசா தயங்கி நின்றாள். "பொய் சொல்லியிருக்கணுமா மிஸ்?"

"வேண்டாம்மா. நீ சொன்னதுதான் நெசம். சட்டத்துல அதுக்கு இடமில்ல, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா அடுத்த வரியைத் தானே பாடிப் பார்த்தாள். சொற்களெல்லாம் சரியாக வந்தன. செலஸ்டின் அதை எப்படிப் பாடினான் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.